ஐந்து அடையாளமும் பொருந்திய செய்தி

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற அந்த அம்மாளை எல்லோரும் மைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்வது அவள் வேலை. குரல் அப்படி. அவள் "புறப்படத் தயாராக உள்ளது" என்று சொல்லிவிட்டால் ஓட்டுநர்கள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார்கள். வீட்டில் மட்டும் அந்தக் குரலுக்குக் கால் காசு மதிப்பு இல்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் மூன்று முறை சொன்னால்தான் ஒருமுறை காதில் விழும்.

அன்று காலை பத்து பத்துக்கு மைக்கை அணைத்த கையோடு அவளுடைய போன் அதிர்ந்தது.

"அவசரம். உங்கள் கணவருக்குப் பொருந்தும் சிறுநீரகம் கிடைத்துள்ளது. இன்று மதியம் ஒரு மணிக்குள் கீழே உள்ள இணைப்பை அழுத்திச் சம்மதம் தெரிவிக்கவும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு வழங்கப்படும். – உறுப்புப் பதிவகம்."

இரண்டு வருடம் நான்கு மாதமாக அந்த வீடு இந்த ஒரு செய்திக்காகத்தான் காத்துக்கிடந்தது. வாரத்தில் மூன்று நாள் அவரைக் கூட்டிப்போய் இயந்திரத்தில் மாட்டி, ரத்தத்தைக் கழுவி, திரும்பக் கூட்டிவர வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான். தாகம் எடுத்தால் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. போன மாதம் டாக்டர், இனிக் குத்துவதற்கு இடமில்லை, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்.

ஆக, மைக்கு அந்தக் கணமே இணைப்பை அழுத்தியிருக்க வேண்டும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? விரல் விட்டு எண்ணினாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செல்போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை இணையப் பாதுகாப்பு வாரியத்தின் வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். போலிச் செய்திக்கு ஐந்து அடையாளம் என்று அங்கே உருப்போட வைப்பார்கள். தெரியாத எண், அவசரம், காலக்கெடு, நல்ல செய்தி, அழுத்தச் சொல்லும் இணைப்பு. இதில் இரண்டு இருந்தால் சந்தேகப்படு, மூன்று இருந்தால் ஓடு. வலது கையை உயர்த்தி உறுதிமொழி வேறு. மைக்கு ஐந்து விரலையும் மடக்கி முடித்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த வகுப்பில் அவள் சாதாரண மாணவியும் இல்லை. திருடன் போனில் எப்படிப் பேசுவான் என்று நடித்துக் காட்ட ஆள் தேடிய பயிற்சியாளர், குரலைக் கேட்டதும் அவளையே மேடைக்கு இழுத்துவிட்டார். "தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். உங்களுக்கு ரகசியச் சொல் தெரியுமா என்று சோதிக்கிறோம், சொல்லுங்கள்" என்று கொடுத்ததைப் படித்தாள். நடிப்பு என்று தெரிந்தும் முன்வரிசையில் ஆறு பேர் எழுந்து நின்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு அருமையான திருட்டுக் குரலைத் தன் அனுபவத்தில் கேட்டதில்லை என்று பயிற்சியாளர் சான்றிதழ் கொடுத்தார். அது இப்போதும் கூண்டுக்குள் தொங்குகிறது.

பத்து நிமிடம் அந்தச் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, போனால் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள். திரை முழுக்க மஞ்சள் நிறமாயிற்று. "உங்கள் பாதுகாப்புக்காக இந்தப் பக்கம் பூட்டப்பட்டுள்ளது. வாரியத்தை நேரில் அணுகவும்" என்றது.

ஏன் பூட்டு? அது பல் கட்டிய கதை. சென்ற வருடம் எவனோ ஒருவன் லிஃப்ட் மெக்கானிக்கின் மருத்துவ அட்டை எண்ணைத் திருடி, அவர் பெயரில் மேலும் கீழும் இரண்டு வரிசைப் பல் கட்டிக்கொண்டான். புகார் கொடுத்தார்கள். வாரியம் துரிதமாக நடவடிக்கை எடுத்தது. பல் கட்டியவனைப் பிடிக்கவில்லை. மெக்கானிக்கை அதி பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. அன்றிலிருந்து அவர் பெயரில் யாரும் எதையும் செய்ய முடியாது, முக்கியமாக அவர். பட்டியலுக்கு முந்தைய சலுகை என்பதால் திருடனுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பல் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள்.

கூண்டில் இருந்த மேசை போனிலிருந்து மருத்துவமனை நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உண்மையா இருக்கலாம்க்கா. ஆனா உண்மைன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல. முன்னெல்லாம் பதிவகத்துல இருந்து ஆளே பேசுவாங்க. குரலைப் போலியா செய்யலாம்னு வாரியம் நிறுத்திடுச்சு. அவங்க ஆபீஸ் எங்க இருக்குன்னுகூட எங்களுக்குத் தெரியாது. நீங்க அழுத்தினாத்தான் எங்களுக்குத் தகவல் வரும்." வைக்கப்போனவள் இன்னொன்றும் சொன்னாள். "எதுக்கும் அண்ணனுக்குச் சாப்பிட எதுவும் குடுத்துடாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மைக்கு எழுந்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரியிடம் மைக்கை ஒப்படைத்துவிட்டு, டாக்ஸி பிடித்து, வீட்டில் கணவரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு வாரியத்துக்கு விரைந்தாள்.

வாரியத்தின் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருடர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். பொதுமக்களும் கண்டுபிடிக்க முடியாமல் தெருத் தெருவாக அலைவார்கள். நல்ல வேளையாக அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பொருத்தியதே மெக்கானிக்தான். பதினொன்று ஐந்துக்கு உள்ளே நுழைந்தார்கள். மைக்கு வாயைத் திறந்ததும் வாசல் காவலர் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். இங்கே யாரும் தான் யார் என்று சொல்லக் கூடாது, அது தனிப்பட்ட தகவல் என்று விளக்கி, ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே டோக்கன் இருக்கிறது, எண்ணை யாருக்கும் காட்டக் கூடாது, முடிந்தால் தாங்களும் பார்க்காமல் இருப்பது உத்தமம்.

கூடத்தில் நாற்பது பேர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெண் கதவைத் திறந்து, "அடுத்த எண்ணுக்குரியவர் வரலாம்" என்பாள். எண்ணைச் சொல்ல மாட்டாள், ரகசியம். நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாரும் எழமாட்டார்கள். அவள் நெடுமூச்சு விட்டு, மக்களுக்கு அக்கறையே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு கதவைச் சாத்துவாள். பக்கத்தில் இருந்த பெரியவர் மூன்றாம் நாளாக வருகிறாராம்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பதைத் தொட்டது. மெக்கானிக்கின் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் சதையில் அழுந்தியிருந்தது. அவர் மனைவியின் தோளைத் தட்டினார்.

"எண்ணு ரகசியம்னா, நம்மது இல்லன்னு யாரால சொல்ல முடியும்? எந்திரி."

எழுந்து போனார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை.

உள்ளே கண்ணாடிக்காரர் ஒருவர் இருந்தார். மேசையில் கணினிக்குப் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. மைக்கு அதைப் பார்ப்பதைக் கண்டு அவரே பெருமையோடு சொன்னார், மூன்று வருடமாக அதை அணைத்தே வைத்திருக்கிறார்களாம், இதுவரை ஒரு வைரஸ்கூட உள்ளே நுழைந்ததில்லையாம். காலைதோறும் துடைப்பதற்கு ஆள் போட்டிருக்கிறார்களாம். இந்த அறையில் எல்லாம் காகிதத்தில்தான். ஏழு பக்கப் படிவத்தை நீட்டினார். மூன்றாம் பக்கத்தில், "இந்தச் செய்தி உண்மை என்று நீங்கள் நம்பினால், ஏமாந்தவர் பிரிவுக்குச் செல்லவும்" என்று இருந்தது.

மைக்கு படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் பன்னிரண்டு அடித்துவிட்டது. கண்ணாடிக்காரர் பழைய கோப்பு ஒன்றை எடுத்து வைத்து, நிதானமாக மூன்று தடவை படித்தார். பிறகு மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"பல்லைக் கழட்டுங்க."

"என்னது?"

"அடையாளச் சோதனை. மேல் வரிசை, கீழ் வரிசை. ரெண்டையும் கழட்டி இந்தத் தட்டுல வைங்க."

"இது என் சொந்தப் பல்லு சார்."

கண்ணாடிக்காரர் அனுதாபத்தோடு தலையாட்டினார். "அதான் பிரச்சினை. பதிவேட்டுல இருக்கிறவருக்குக் கட்டின பல்லு. உங்களுக்குச் சொந்தப் பல்லு. ரெண்டுல ஒண்ணு போலி. பதிவேடு போலியா இருக்க முடியாது."

அந்தப் பல் திருட்டைப் பற்றிய புகாரே இதே கோப்பில்தான் இருக்கிறது என்று மைக்கு விரலை வைத்துக் காட்டினாள். இருக்கிறது என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் புகார் கொடுத்தவருக்கும் சொந்தப் பல் இருந்ததாகத் தெரிகிறது, ஆகவே அந்த ஆள் மீதும் விசாரணை நடக்கிறது என்றார். மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், இவன் பல்லைக் கேட்கிறான். மைக்கு மேசையை ஓங்கித் தட்டி, மேலதிகாரியைப் பார்த்தே தீருவேன் என்றாள். அந்தக் குரலுக்குக் கண்ணாடிக்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

தலைமைக் காப்பாளரின் அறை குளிர்ந்து கிடந்தது. மேசையில் இரண்டு முத்திரைகள். 'போலி' என்ற முத்திரையின் பிடி தேய்ந்து மழமழவென்றிருந்தது. 'உண்மை' என்பதன் மேல் வாங்கிய அன்று சுற்றிய காகிதம் அப்படியே இருந்தது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, நான்கு பேர் கூடிய கூட்டத்தில் பேசுகிறவரைப் போலத் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, வாரியம் ஆரம்பிச்சு ஒன்பது வருஷம். நாப்பத்தோராயிரம் செய்தியை விசாரிச்சிருக்கோம். ஒண்ணைக்கூட உண்மைன்னு நாங்க சொன்னதில்ல. அதனால எங்களை நம்பி ஏமாந்தவங்க ஒருத்தர்கூட கிடையாது."

"அத்தனையில ஒண்ணுகூடவா உண்மையா இருந்திருக்காது?"

"நிறைய இருந்திருக்கும்." அவர் அதை மறைக்கவே இல்லை. "ஆனா பாருங்க, போலியை நான் உண்மைன்னு சொன்னா என் பேர் கெடும். உண்மையைப் போலின்னு சொன்னா உங்க காரியம்தானே கெடும்? எது பாதுகாப்பு, நீங்களே சொல்லுங்க."

பூட்டை மட்டுமாவது திறந்துவிடுங்கள், ஏமாந்தால் நாங்கள் ஏமாந்துபோகிறோம் என்று மைக்கு கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கும் மனம் இளகியது. பூட்டைத் திறக்கிறவர் நான்காம் மாடியில் பூட்டறையில் இருக்கிறார், உள் போனில் ஒரு வார்த்தை சொன்னால் அரை நிமிட வேலை என்றார். அப்படியானால் சொல்லுங்களேன் என்றாள்.

"பேசுறது நான்தான்னு அவருக்குத் தெரியணும்ல? அன்னன்னைக்கு ஒரு ரகசியச் சொல் இருக்கு. அதை எனக்குத் தர்றதை ரெண்டு வாரமா நிறுத்திட்டாங்க." காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டை அவர் உருட்டிக்கொண்டே பேசினார். "எங்க ஆட்களைச் சோதிக்க நாங்களே போலிச் செய்தி அனுப்புவோம். எனக்குப் பதக்கம் கிடைச்சிருக்குன்னு ஒண்ணு வந்துச்சு. அழுத்திட்டேன். அடுத்த வியாழக்கிழமை மறுதேர்வு. அது முடிஞ்சதும் வாங்க, முதல் வேலையா உங்களுதுதான்."

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு நாற்பத்தாறு.

மெக்கானிக் மனைவியை லிஃப்டுக்குள் இழுத்தார். கதவு மூடியது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் பலகைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ அமுக்கினார். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. சுவரில் சிவப்பாக ஒரு போன் தொங்கியது, யாராவது மாட்டிக்கொண்டால் பேசுவதற்கு.

"இதுக்குக் கம்பி இழுத்தது நான்தான். கட்டடத்துல எல்லா ரூமுக்கும் போகும். பூட்டறைக்கு நாப்பத்தி நாலு."

"என்னங்க, நான் என்னன்னு சொல்லுவேன்?"

"வகுப்புல சொன்னியே, அதைச் சொல்லு."

பிடிபட்டால் வேலை போகும், சிறைக்கும் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தச் செய்தியே திருடன் அனுப்பியதாக இருந்தால்? மெக்கானிக் அதற்குள் நிற்க முடியாமல் லிஃப்டின் தரையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து ஒரு துண்டு ஐஸ்கூட வாயில் போடவில்லை. நர்ஸ் சாப்பாடுதான் கூடாது என்றாள். இவர் தண்ணீரையும் சேர்த்து விட்டிருக்கிறார், அந்தச் செய்தியை அவ்வளவு நம்பியிருக்கிறார். மைக்கு போனைக் கையில் எடுத்தாள்.

"யாரு?" என்றது மறுமுனை.

மைக்கு மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

"தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். பூட்டறை ஊழியரின் விழிப்புணர்வைச் சோதிக்கிறோம். இன்றைய ரகசியச் சொல் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"தெரியும் என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்கள்."

"கத்தரிக்கோல் மேடம்."

மெக்கானிக் கீழே உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரியான விடை," என்றாள் மைக்கு. "அடுத்தது வேகச் சோதனை. ஒரு கோப்பு எண் தருகிறேன். அதன் பூட்டை எத்தனை விநாடியில் திறக்கிறீர்கள் என்று அளக்கப்போகிறோம்."

"போன தடவை முப்பத்தஞ்சு மேடம். இப்போ பாருங்க."

எண்ணைச் சொன்னாள். தட்டச்சுச் சத்தம் படபடவென்று கேட்டது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

"மேடம், இந்த ஆளுக்குப் பல்லு விஷயமா ஏதோ விசாரணைன்னு போட்டிருக்கே."

மைக்கின் குரல் தவறவில்லை. "பல் இன்றைய சோதனையில் இல்லை. உங்கள் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது."

"ஐயோ. இதோ மேடம், திறந்தாச்சு. இருபத்தி எட்டு!"

"பாராட்டுகள்."

"சோதனை முடிஞ்சதுல்ல? திரும்பப் பூட்டிடவா?"

"பூட்டாதீர்கள்," என்றாள், கொஞ்சம் அவசரமாகவே. பிறகு குரலைச் சமன் செய்துகொண்டாள். "மாலை ஐந்து மணிவரை திறந்தே இருக்க வேண்டும். அதுவும் சோதனையின் பகுதி. அதற்குள் யார் சொன்னாலும் பூட்டக் கூடாது."

"யார் சொன்னாலும் பூட்ட மாட்டேன் மேடம்," என்று பூட்டறைக்காரர் உறுதிமொழி மாதிரி சொன்னார். வலது கையை உயர்த்தியிருப்பார்.

மணி பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. அவளுடைய போனில் மஞ்சள் போய் வெள்ளைப் பக்கம் வந்தது. 'சம்மதம்' என்று ஒரு பொத்தான். அழுத்தினாள். ஒரு சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. லிஃப்டுக்குள் சிக்னல் இல்லை. மெக்கானிக் சுவரைப் பிடித்து எழுந்து, பலகைக்குப் பின்னால் கையை விட்டார். லிஃப்ட் அசையவில்லை. தான் பொருத்திய லிஃப்டை அவர் அன்று திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. ஐம்பத்து ஆறுக்கு அது முனகிக்கொண்டு நகர்ந்து மூன்றாம் மாடியில் திறந்தது.

எதிரே கண்ணாடிக்காரர் காபிக் கோப்பையோடு நின்றார். மைக்கின் கையில் ஒளிர்ந்த பொத்தானைப் பார்த்துவிட்டார்.

"அம்மா, வேண்டாம். அஞ்சு அடையாளமும் இருக்கு. நல்லா யோசிங்க."

"யோசிச்சாச்சு," என்று அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மீண்டும் அழுத்தினாள்.

அதன் பிறகு இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் மைக்கு தன் வீடு, வேலை, கணவரின் பெயர் எல்லாவற்றையும் எவனோ ஒரு திருடனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டதாகவே முடிவு கட்டினாள். போன் அடித்தது. நர்ஸ்.

"அக்கா, தகவல் வந்திடுச்சு. எங்கக்கா இருக்கீங்க? உடனே வாங்க." நர்ஸ் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான்காம் நாள், மருத்துவமனையில் ஜன்னலோரக் கட்டில். கட்டிலின் பக்கவாட்டில் ஒரு பை தொங்கியது. இரண்டு வருடமாக ஒரு சொட்டுக்கு வழியில்லாத மனிதனின் உடம்பிலிருந்து சிறுநீர் அதில் இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கு எவ்வளவு என்று பார்த்துச் சீட்டில் எழுத வேண்டியது மைக்கின் பொறுப்பு. அந்தப் பையை அவள் பார்த்த மாதிரி கல்யாணத்தன்றுகூடக் கணவரைப் பார்த்திருக்க மாட்டாள். அவரும் கையில் ஒரு முழு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு, குடிக்காமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அதிர்ந்தது.

"அவசரம். தாங்கள் விசாரித்த சிறுநீரகம் போலியானது என முடிவு செய்யப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்த வேண்டாம். ஏற்கெனவே பெற்றிருந்தால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கீழே உள்ள இணைப்பை அழுத்தித் திருப்பி ஒப்படைக்கவும். – இணையப் பாதுகாப்பு வாரியம்."

மைக்கு எண்ணைப் பார்த்தாள். தெரியாத எண். விரலை மடக்கினாள். அவசரம், காலக்கெடு, இணைப்பு. நான்கு விரல் மடங்கியது. நல்ல செய்தி மட்டும்தான் இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே அதைப் போலி என்று வாரியத்துக்குப் புகார் செய்துவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

"என்ன மைக்கு?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. நீங்க தண்ணியைக் குடிங்க."

குடித்தார். மணி பதினொன்று ஆயிற்று. மைக்கு குனிந்து பையில் இருந்த அளவுக் கோட்டைப் பார்த்தாள், சீட்டில் எழுதினாள். பிறகு நிமிர்ந்து, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, பத்தொன்பது வருடக் குரலில் அறிவித்தாள்:

"அனைவரின் கவனத்திற்கு. ஆறாம் எண் கட்டில். இருநூற்றுப் பத்து மில்லி."

கட்டிலில் இருந்தவர் முதல் தடவையிலேயே காதில் வாங்கிக்கொண்டார்.